கன்னியர் இல்லத்துத் தொட்டில்: தத்தெடுப்பு பற்றிச் சட்டமும் சிந்தாமணியும்

நம்மவர்களில் கல்யாணமாகிப் பத்து வருஷமாகியும் மடி நிறையாத தம்பதிகளைக் கண்டால், பெரியவர்கள் கூசாமல் ஒரு யோசனை சொல்வார்கள். "மதர் தெரசா இல்லத்துல போய்க் கேளுங்களேன், சிஸ்டருங்க நல்ல குழந்தையாப் பார்த்துக் கொடுப்பாங்க." கொல்கத்தாவில் இருப்பதால் இந்த யோசனை நமக்குக் கொஞ்சம் அதிகமாகவே கிடைக்கும். சொல்பவர்களின் மனது நல்ல மனதுதான். ஆனால் அவர்கள் சொல்லும் வழி மூடிப் பல வருஷமாகிவிட்டது.

1950-இல் அன்னை தெரசா தொடங்கிய பிறர் அன்பின் பணியாளர் சபை, 1955-இல் இந்த நகரத்தில் நிர்மலா சிசு பவனைத் திறந்தது. குப்பைத் தொட்டியிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் விட்டுப்போன சிசுக்களை எடுத்து வளர்த்தார்கள். பிள்ளை கேட்டு வந்த நல்ல குடும்பங்களுக்குத் தத்தும் கொடுத்தார்கள். 1979-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, கருக்கலைப்பைத் தத்துக்கொடுப்பதால் எதிர்க்கிறோம் என்ற கருத்தை அன்னை சொன்னார். அப்படிப்பட்ட சபையே 2015 அக்டோபரில் இந்தியாவில் தத்துப் பணியிலிருந்து விலகிக்கொண்டது. அந்த ஆண்டு வந்த புதிய நெறிமுறைகளின்படி எந்தக் குழந்தை யாருக்கு என்பதை இல்லம் தீர்மானிக்க முடியாது. கல்யாணம் ஆகாத தனி ஆளும், விவாகரத்து ஆனவரும் வரிசைப்படி வந்தால் குழந்தையைக் கொடுத்தாக வேண்டும். இது எங்கள் மனச்சாட்சிக்கு ஒவ்வாது என்றார்கள் சகோதரிகள். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்றது அரசு. இரண்டு பக்கமும் வளையவில்லை.

ஆனால் எல்லாக் கிறிஸ்தவ இல்லங்களும் விலகிவிடவில்லை. வேறு துறவற சபைகளும் திருச்சபை சார்ந்த அமைப்புகளும் நடத்தும் இல்லங்கள் பல மாநிலங்களில் அரசு அங்கீகாரத்தோடு தத்துப் பணியைத் தொடர்ந்து செய்துகொண்டுதான் இருக்கின்றன. அங்கே தொட்டில் இருக்கிறது, குழந்தையும் இருக்கிறது. அதை அடையும் வழிதான் மாறியிருக்கிறது. அந்த வழியை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம். நான் வக்கீல் அல்ல, வியாபாரி. படாபஜார் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் சட்டப் புத்தகமும் சமண நூல்களும் புரட்டிப் பழகியவன். வியாபாரிக்குக் கணக்கு நேராக இருக்க வேண்டும். குழந்தை விஷயத்தில் அது இன்னும் நேராக இருக்க வேண்டும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

சட்டம் வந்த வழி

நம் நாட்டில் தத்து என்பது நெடுங்காலம் மதத்தோடு கட்டுண்ட விஷயமாக இருந்தது. பழைய இந்து சாஸ்திரப்படி தத்துப் பிள்ளை எதற்கு? பிண்டம் போட, கொள்ளி வைக்க. ஆகவே ஆண் பிள்ளையைத்தான் எடுக்கலாம். பெண்ணைத் தத்தெடுப்பது செல்லாது.

சமணர்களாகிய எங்களுக்குச் சிராத்தமும் பிண்டமும் கிடையாது. அவரவர் வினை அவரவர்க்கே. பிள்ளை போடும் பிண்டத்தால் தகப்பன் கரையேறுவதில்லை. ஆகவே எங்களிடையே தத்து என்பது முழுக்க முழுக்க உலகியல் காரியம் என்று நீதிமன்றங்களே சொல்லியிருக்கின்றன. 1878-இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் சியோ சிங் ராய் – தாக்கோ என்ற வழக்கு தீர்ந்தது. பிள்ளையில்லாத சமண விதவை, கணவன் அனுமதி கொடுத்துவிட்டுப் போகாவிட்டாலும் தத்தெடுக்கலாம், மகள் வயிற்றுப் பேரனையும் எடுக்கலாம் என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். மற்ற இந்து விதவைகளுக்கு அந்தக் காலத்தில் பல இடங்களில் இந்த உரிமை இல்லை. 1926-இல் சம்பத் ராய் ஜெயின் வெளியிட்ட ஜைன சட்ட நூலைப் பார்த்தால் இந்த வழக்காறுகளெல்லாம் தொகுத்துக் கிடைக்கும்.

1956-இல் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் வந்தது. இந்து, பௌத்த, சமண, சீக்கியர் நால்வருக்கும் ஒரே சட்டம். பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம் என்று முதன்முதலாகத் தெளிவாக வந்தது இதில்தான். ஹோமம் கட்டாயமில்லை, பெற்றவர் கொடுத்து இவர் வாங்கினால் போதும். படாபஜாரில் மார்வாடி அன்பர்கள் தம்பி மகனை "கோத்" எடுப்பதெல்லாம் இன்றைக்கும் இந்தச் சட்டப்படிதான். ஆனால் இதில் ஒரு கட்டு உண்டு. மகனோ மகன் வழிப் பேரனோ இருந்தால் இன்னொரு ஆண் பிள்ளை எடுக்க முடியாது. பெண் இருந்தால் இன்னொரு பெண் எடுக்க முடியாது.

கிறிஸ்தவர், முஸ்லிம், பார்சி ஆகியோருக்கு அப்படி ஒரு சட்டமே இல்லை. அவர்களுக்கு இருந்தது 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் ஒன்றுதான். அதன்படி குழந்தைக்குக் காப்பாளர் ஆகலாம்; தாய் தகப்பன் ஆக முடியாது. பதினெட்டு வயதானால் காப்பாளர் உறவு முடிந்தது. சொத்தில் தானாக வரும் பங்கும் இல்லை, உயில் எழுதி வைத்தால்தான் உண்டு. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கன்னியர் இரவு பகலாகக் கண் விழித்து வளர்த்த சிசுவை, ஞாயிறு தோறும் அதே கோயிலுக்கு வரும் கிறிஸ்தவத் தம்பதி பிள்ளையாக்கிக்கொள்ள முடியாது. செட்டியாரும் முதலியாரும் நயினாரும் ஆக்கிக்கொள்ளலாம். தொட்டில் ஒருவர் வீட்டில், உரிமை இன்னொருவர் வீட்டில்! 1972-இலும் 1980-இலும் எல்லா மதத்தாருக்கும் பொதுவான தத்து மசோதாக்கள் நாடாளுமன்றத்துக்கு வந்தன. எதிர்ப்பு எழுந்தது, இரண்டும் சட்டமாகவில்லை. 1999-இல் கேரள உயர்நீதிமன்றம் கிறிஸ்தவத் தம்பதி தத்தெடுத்தது செல்லும் என்று ஒரு வழக்கில் சொன்னது. ஆனால் அது நாடு முழுவதற்குமான சட்டம் அல்ல.

பூட்டைத் திறந்தது வேறு ஒரு சாவி. 2000-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் அதன் 2006 திருத்தமும், ஆதரவற்ற குழந்தைக்குக் குடும்பம் தேடித் தருவதைக் குழந்தையின் பக்கம் நின்று பார்த்தன. எடுப்பவரின் மதம் என்ன என்ற கேள்வி அங்கே இல்லை. 2014 பிப்ரவரியில் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்சநீதிமன்றம், எந்த மதத்தவரும் இந்தச் சட்டப்படி தத்தெடுக்கலாம், விரும்பாதவர் தம் தனிச்சட்டப்படி நடக்கலாம் என்று தெளிவாக்கியது. இன்று நடப்பில் உள்ளது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். 2016 ஜனவரியில் அமலுக்கு வந்தது. 2021-இல் திருத்தப்பட்டு, 2022 செப்டம்பரில் புதிய தத்து ஒழுங்குமுறைகளும் வந்தன.

சொந்தக்காரர் பிள்ளையை எடுக்க 1956 சட்டம் இருக்கிறது. இல்லத்துக் குழந்தையை எடுக்க 2015 சட்டம் ஒன்றே வழி. ஏற்கெனவே மகன் இருப்பவர் இந்தச் சட்டப்படி இன்னொரு மகனையும் எடுக்கலாம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இல்லத்தின் வேலை என்ன?

இப்போது அங்கீகாரம் பெற்ற கிறிஸ்தவ இல்லத்துக்குச் சட்டத்தில் பெயர் "சிறப்புத் தத்து நிறுவனம்". இந்து அமைப்பு நடத்தினாலும் அரசே நடத்தினாலும் இதே பெயர்தான், இதே விதிதான்.

குழந்தை இல்லத்துக்கு இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, யாரென்று தெரியாமல் விட்டுப்போனது. இதற்காகத்தான் வாசலில் தொட்டில் வைக்கிறார்கள். நம் தமிழ்நாட்டில் 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் நினைவிருக்கும். பெண் சிசுவைக் கொல்லாதீர்கள், எங்களிடம் விட்டுவிடுங்கள் என்று அரசே சொன்ன திட்டம் அது. இரண்டாவது, பெற்றவளே வந்து ஒப்படைப்பது. பெரும்பாலும் கல்யாணம் ஆகாத பெண், அல்லது கைவிடப்பட்ட பெண். இங்கேதான் கன்னியரின் பழைய அனுபவம் பெரிது. ஊரார் வாய்க்குப் பயந்து வந்த பெண்ணை ஏசாமல் உள்ளே விட்டுக் கஞ்சி கொடுத்து, பிரசவமும் பார்க்க ஆள் வேண்டுமே.

ஒப்படைக்க வந்தவளிடம் குழந்தையை உடனே வாங்கிப் பெயரை அடித்துவிட முடியாது. குழந்தைகள் நலக் குழு என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒன்று உண்டு. அதன் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். போட்ட பிறகும் அவளுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் மனது மாறி "என் பிள்ளை எனக்கு வேணும்" என்று வந்தால் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். விட்டுப்போன குழந்தையாக இருந்தால் பெற்றவரைத் தேடிப் பார்க்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இரண்டு மாதத்துக்குள்ளும், அதற்கு மேற்பட்ட வயதுக்கு நான்கு மாதத்துக்குள்ளும் முடிவு செய்து, "இக்குழந்தை தத்துக்குத் தகுதியானது" என்று குழு சான்று தர வேண்டும். அந்தச் சான்று இல்லாத குழந்தையை எந்த மதர் சுப்பீரியரும் எடுத்து நீட்ட முடியாது. ஆகவே "போய்க் கேட்டோம், சிஸ்டர் தரமாட்டேன்னுட்டாங்க" என்று கோபித்துக்கொள்வதில் அர்த்தமே இல்லை. அவர்கள் கையில் இல்லை.

இல்லத்தின் வேலை குழந்தையைக் காப்பது, மருத்துவம் பார்ப்பது, உண்மையான அறிக்கை எழுதுவது, வரிசைப்படி வந்த பெற்றோருக்கு முறைப்படி கொடுப்பது. வருகிறவர் என்ன மதம், என்ன சாதி என்று பார்த்துக் கழிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அதே போல, "நம்ம சாதிக் குழந்தையா" என்று கேட்கும் உரிமை நமக்கும் இல்லை. சைவ வீட்டுக்கு வரும் குழந்தை எந்த வயிற்றில் பிறந்தது என்று யாருக்குத் தெரியும்? தெரிய வேண்டிய தேவைதான் என்ன?

படிப்படியாக

டெல்லியில் மத்திய தத்து ஆணையம், சுருக்கமாகக் காரா, 1990-இல் ஏற்பட்டது. வெளிநாட்டுத் தத்து என்ற பெயரில் நடந்த முறைகேடுகளைக் கண்டு, லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் 1984-இல் நீதிபதி பகவதி கொடுத்த தீர்ப்புதான் அதற்கு வித்து. காராவின் கேரிங்ஸ் என்ற கணினிப் பதிவேட்டில் பெயர் கொடுப்பதுதான் முதல் படி. எந்த இல்லத்துக் குழந்தை ஆனாலும் இந்த ஒரே வரிசை.

தகுதி இது. கணவன் மனைவியாக இருந்தால் குறைந்தது இரண்டு வருஷ நிலையான மணவாழ்க்கை வேண்டும், இருவருக்கும் சம்மதம் வேண்டும். குழந்தைக்கும் பெற்றோரில் ஒவ்வொருவருக்கும் குறைந்தது 25 வயது வித்தியாசம் வேண்டும். இரண்டு வயது வரையுள்ள குழந்தை வேண்டுமென்றால் தம்பதியின் இரண்டு வயதையும் கூட்டினால் 85-க்கு மேல் போகக்கூடாது. தனி ஆளானால் 40. வயது கூடக் கூடப் பெரிய குழந்தைதான். நம்மவர்கள் இங்கேதான் காலத்தை விட்டுவிடுகிறார்கள். டாக்டர், கோயில், பரிகாரம் எல்லாம் சுற்றி முடித்து 44 வயதில் வந்து நிற்பார்கள். அப்போது கணக்கு இடிக்கும். தனி ஆண் பெண் குழந்தையை எடுக்க முடியாது. தனிப் பெண் எந்தக் குழந்தையையும் எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு பிள்ளை இருப்பவர்களுக்குச் சிறப்புத் தேவையுள்ள குழந்தையும், இடம் கிடைக்காமல் தங்கிப்போன குழந்தையும்தான்.

பதிவு செய்தபின் நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கே சமூகப் பணியாளர் வந்து வீட்டாய்வு செய்வார். 60 நாளுக்குள் அறிக்கை எழுத வேண்டும். மூன்று வருஷம் செல்லும். வீடு பெரிதா, கார் உண்டா என்று பார்ப்பதற்கல்ல இது. வீட்டில் மாமியார் மனதார ஒப்புகிறாரா, பெரிய பிள்ளை இருந்தால் அதற்குச் சம்மதமா, உடம்புக்கு என்ன, வருமானம் என்ன என்பதுதான். மறைக்காமல் சொல்லுங்கள்.

அதன் பிறகு காத்திருப்பு. இது நீளம். 2024–25-இல் நாடு முழுவதும் நடந்த தத்து 4,515. அதில் உள்நாட்டுத் தத்து 4,155. பதிவு செய்து காத்திருக்கும் பெற்றோரோ முப்பதாயிரத்துக்கு மேல். நல்ல ஆரோக்கியமான சிசு வேண்டுமென்றால் மூன்று, மூன்றரை வருஷம் ஆகிவிடுகிறது. வரிசை வந்ததும் குழந்தையின் படம், குழந்தை பற்றிய அறிக்கை, மருத்துவ அறிக்கை மூன்றும் வரும். 48 மணி நேரத்துக்குள் "சரி, இந்தக் குழந்தையை ஒதுக்கி வையுங்கள்" என்று சொல்ல வேண்டும். மருத்துவ அறிக்கையை உங்கள் குடும்ப டாக்டரிடம் காட்டிக் கேட்கலாம். அதில் தப்பே இல்லை. எடை குறைவாகப் பிறந்த குழந்தைகள் அதிகம் இருக்கும். அதைக் கண்டு மிரள வேண்டாம். எது தேறும், எது நீடிக்கும் என்று டாக்டர் சொல்வார்.

பிறகு இல்லத்துக்கு நேரில் போய்க் குழந்தையைப் பார்த்து, ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். தத்துக்கு முந்தைய வளர்ப்பு என்ற பெயரில் குழந்தை வீட்டுக்கு வந்துவிடும். இல்லம் இருக்கும் மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் நிறுவனம் மனுச் செய்யும். அவர் இரண்டு மாதத்துக்குள் தத்து ஆணை தர வேண்டும். முன்பு இது கோர்ட்டில் நடந்தது. 2022 செப்டம்பர் முதல் மாஜிஸ்திரேட் கையில். ஆணை வந்ததும் உங்கள் பெயர் போட்ட பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும். இரண்டு வருஷம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து பார்ப்பார்கள். விசாரணை என்று நினைக்காதீர்கள். பெண் கொடுத்த வீட்டார் வந்து பார்ப்பதில்லையா, அது மாதிரி.

பணம் என்றால் விதியில் அச்சிட்ட கட்டணம் மட்டுமே. கணக்கில் கட்டி ரசீது வாங்க வேண்டும். "இல்லத்துக்கு நன்கொடை", "கன்னியருக்குக் காணிக்கை" என்று யாராவது கையில் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

ஆணை வந்த நாளிலிருந்து அந்தக் குழந்தை எல்லா வகையிலும் உங்கள் குழந்தை. வயிற்றில் பிறந்ததற்கும் இதற்கும் சட்டத்தில் இம்மியும் வித்தியாசம் இல்லை. பாகப் பிரிவினையிலும் பங்கு உண்டு. எங்கள் சமயத்தில் நால்வகைத் தானம் சொல்வார்கள்: உணவு, மருந்து, சாத்திரம், அபயம். தத்தெடுப்பதை அபய தானம் என்று சில அன்பர்கள் மேடையில் புகழ்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தானம் கொடுத்தவன் மேலே, வாங்கியவன் கீழே. பெற்ற மகனுக்குச் சோறு போட்டதை யாராவது தானக் கணக்கில் எழுதுவோமா? "உன்னை எடுத்து வளர்த்தோமே" என்ற ஒரு சொல், எத்தனை கோபத்திலும் வீட்டில் யார் வாயிலும் வரக்கூடாது.

குறுக்கு வழி

மூன்று வருஷம் என்றதும் பலர் மனது தளர்ந்துவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் புரோக்கர் வருவான். "நர்சிங் ஹோம்ல ஒரு பொண்ணு இருக்கா, அடுத்த வாரம் பிரசவம். உங்க வீட்டம்மா பேர்லயே அட்மிஷன் போட்டுக்கலாம். பர்த் சர்டிபிகேட் நேரா உங்க பேர்லயே வந்துரும், தத்துன்னு ஒரு பேச்சே இருக்காது." கேட்க இனிக்கும். சில சமயம் ஏதாவது ஒரு கிறிஸ்தவ இல்லத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்வான், நம்பிக்கை வரட்டும் என்று.

சட்டத்தில் இது குழந்தை விற்பனை. வாங்குபவனுக்கும் விற்பவனுக்கும் ஐந்து வருஷம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் அபராதமும் உண்டு. ஆஸ்பத்திரி ஆட்கள் செய்தால் மூன்றிலிருந்து ஏழு வருஷம். முறை தவறித் தத்துக் கொடுத்தாலோ எடுத்தாலோ, அதற்கே தனியாக மூன்று வருஷம் வரை தண்டனை இருக்கிறது.

ஜெயிலை விடுங்கள். குழந்தைக்கு என்ன ஆகிறது? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இப்படித்தான் ஒரு பெண் குழந்தை வந்தது. தங்கமாக வளர்த்தார்கள். தகப்பனார் காலமானபின் பங்காளிகள் சொத்து வழக்குப் போட்டார்கள். "இவள் இவர்களுக்குப் பிறந்தவளே அல்ல, சான்றிதழ் பொய்" என்று அபிடவிட்டில் எழுதினார்கள். தத்து ஆணை ஒன்று இருந்திருந்தால் முதல் நாளிலேயே வழக்கு விழுந்திருக்கும். இல்லை. பத்தொன்பது வயதுப் பெண், தான் பிறந்த கதையைத் தன் தாய் வாயிலாகக் கேட்கவில்லை. எதிர்க்கட்சி வக்கீலின் காகிதத்தில் படித்தாள். சொத்து போனது பெரிதில்லை என்று அவள் தாய் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. "ஊருக்குத் தெரியக்கூடாதுன்னு பண்ணினோம் நயினார், இப்ப கோர்ட்டுக்கே தெரிஞ்சுது" என்றார் அந்த அம்மாள்.

கந்துக்கடனும் அச்சணந்தியும்

தமிழில் வளர்ப்புப் பிள்ளையைத் தலைவனாக வைத்து எழுந்த பெருங்காப்பியம் எது என்று கேட்டால் சீவக சிந்தாமணி என்பேன். திருத்தக்கதேவர் என்ற சமணத் துறவி பாடியது, 1887-இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தது. மணநூல் என்று எல்லாரும் சொல்வோம். ஆனால் அதன் அடிவாரத்தில் கிடப்பது ஒரு தத்துக் கதை.

ஏமாங்கத நாட்டு அரசன் சச்சந்தனைக் கட்டியங்காரன் என்ற அமைச்சன் சூழ்ச்சியால் கொல்கிறான். கருவுற்ற அரசி விசயை மயிற்பொறியில் தப்பி, நள்ளிரவில் சுடுகாட்டில் பிள்ளை பெறுகிறாள். தன் இறந்த குழந்தையை அங்கே கொண்டு வந்த கந்துக்கடன் என்ற வணிகன் அந்தச் சிசுவைக் கண்டு எடுக்கிறான். அவன் எடுத்துச் சென்றதை மறைந்திருந்து பார்த்தபின்தான் விசயை அவ்விடம் விட்டுப் போகிறாள். அவள் பிள்ளையை வீசிவிட்டுப் போகவில்லை, நல்ல கையில் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் போனாள். இன்றைக்கு இல்லத்துத் தொட்டிலில் பிள்ளையை விட்டுவிட்டு எதிர்ச் சுவர் ஓரம் நிற்கும் பெண்ணும் அவள்தான். பெற்றவளை இழிவாகப் பேசுகிறவர்கள் இதை ஒரு முறை படிக்க வேண்டும்.

கந்துக்கடன் அந்தப் பிள்ளையைத் தன் பிள்ளை என்றே ஊருக்குக் காட்டினான். மனைவி சுநந்தைக்குப் பிறகு நந்தட்டன் என்று ஒரு மகன் பிறந்தான். சீவகன் அண்ணன், நந்தட்டன் தம்பி. காப்பியம் முழுதும் இருவருக்கும் நடுவே ஒரு கோடும் இல்லை. ஆக, கந்துக்கடனும் மறைத்தானே, நாம் மறைத்தால் என்ன என்று கேட்கலாம். அவன் மறைத்ததற்குக் காரணம் இருந்தது: உண்மை தெரிந்தால் கட்டியங்காரன் பிள்ளையைக் கொன்றுவிடுவான். நம் வீட்டுக் குழந்தையைக் கொல்லக் காத்திருக்கும் கட்டியங்காரன் யார்? அக்கம்பக்கத்தார் வாய்தானே? அதற்குப் பயந்தா பிள்ளையிடம் பொய் சொல்வது?

மறைத்ததோடும் கதை நிற்கவில்லை. ஆசிரியர் அச்சணந்தி, சீவகன் கல்வி கற்றுத் தேறியதும், ஒரு அரசன் கதைபோல அவன் பிறப்பைச் சொல்லி, "அந்தப் பிள்ளை நீதான்" என்று முடிக்கிறார். சீவகன் மயங்கி விழுகிறான், தெளிகிறான். தெரிந்தபின் வளர்த்தவர்களை விட்டு விலகினானா? இல்லை. அரசனான பின்பும் கந்துக்கடனையும் சுநந்தையையும் பெற்றோராகவே சிறப்பித்தான். பெற்ற தாய் விசயையையும் கண்டு வணங்கினான். ஒரு தாய்க்கு இடம் கொடுத்தால் இன்னொரு தாய்க்கு இடம் குறையும் என்ற பயம் நமக்குத்தான், தேவருக்கு இல்லை.

ஆனால் சீவகன்போல இளைஞனாகும் வரை காத்திருந்து மயக்கம் போட வைக்க வேண்டாம். மூன்று நான்கு வயதிலிருந்தே, கதைபோல, மெல்ல மெல்ல, தெரிந்த விஷயமாகவே வளர வேண்டும் என்பதுதான் இத்துறையில் உள்ளவர்கள் எல்லாரும் சொல்வது. "நீ எங்க வயித்துல பொறக்கல, நாங்க காத்துக் காத்து இருந்து கூட்டிட்டு வந்த பொண்ணு" என்று ஒரு தாய் தூங்க வைக்கும்போது சொன்னால், அது அந்தக் குழந்தைக்கு அதிர்ச்சி அல்ல, தாலாட்டு. சட்டமும் இதையே எதிர்பார்க்கிறது. பதினெட்டு வயதான பின் தன் வேரைத் தேடி விண்ணப்பிக்கப் பிள்ளைக்கு உரிமை உண்டு. அதற்குக் கீழ் என்றால் பெற்றோரோடு சேர்ந்து கேட்கலாம். பெற்றவள் தன் விவரம் வெளிவரக் கூடாது என்று கேட்டிருந்தால் அந்த ரகசியமும் காக்கப்படும்.

வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்கு

நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடிக்கிறேன். தத்தெடுக்கச் சொந்த ஊருக்குப் போய்ப் பதிவு செய்ய வேண்டுமா? வேண்டாம். குடியிருக்கும் இடத்து முகவரிச் சான்று போதும், வீட்டாய்வும் இங்கேயேதான்.

தமிழ்க் குழந்தைதான் வேண்டும் என்று கேட்கலாமா? எந்த மாநிலம் என்று விருப்பம் தெரிவிக்கலாம். ஆனால் சிசுவுக்கு மொழி ஏது? ஒடிசாவிலிருந்து வந்த குழந்தையும் நம் வீட்டில் "அம்மா" என்றுதான் முதலில் சொல்லும். இங்கே பிறந்த நம் சொந்தப் பேரன்கள் தமிழ் படிக்க மறுக்கும்போது, வந்த குழந்தையின் தமிழைப் பற்றி மட்டும் கவலைப்படுவானேன்?

கிறிஸ்தவ இல்லத்தில் ஒரு பெயர் வைத்திருப்பார்களே? நாம் வைக்கும் பெயர் ஆணையிலும் சான்றிதழிலும் ஏறும். ஆனால் கன்னியர் கூப்பிட்ட அந்தப் பெயரைத் தூக்கி எறிய வேண்டாம். இல்லத்தில் எடுத்த படத்தோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள். அந்தக் குழந்தையின் முதல் சில மாதங்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி அது. பிறந்த நாளன்று இல்லத்துக்கு ஒரு கடிதம் போட்டால், அங்கே ராத்திரி கண் விழித்த யாரோ ஒரு சகோதரிக்கு அதைவிடச் சந்தோஷம் கிடையாது.

நம் சங்கத்தில் தத்தெடுத்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் யார் என்று நான் எழுதப் போவதில்லை; சொல்வதும் சொல்லாததும் அவர்கள் உரிமை. பொங்கல் விழாவில் மேடையேறும் குழந்தைகளைப் பார்த்து "யார் ஜாடை?" என்று துருவாமல் இருப்பதுதான் நாம் எல்லாரும் அவர்களுக்குச் செய்யக்கூடிய உதவி. பதிவு செய்ய நினைத்திருப்பவர்கள் இந்த வருஷமே செய்துவிடுங்கள். வயதுக் கணக்கு யாருக்காகவும் நிற்பதில்லை.